71 வயது அத்தைக்கு முதல் தீம் பார்க்: கெந்திங்கா, சன்வேயா?

கிள்ளான்_மருமகள்:

வணக்கம். பள்ளி விடுமுறைக்குத் தீம் பார்க் போக வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் நச்சரிக்கிறார்கள். மூத்தவனுக்கு 12 வயது, சின்னவளுக்கு 7. அதே வாரத்தில் என் மாமியார் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்து எங்களோடு தங்குகிறார். அத்தைக்கு 71 வயது. பால்மரம் வெட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வந்துவிடுவார்; தீம் பார்க்குக்குள் மட்டும் இதுவரை காலே வைத்ததில்லை. இனிப்பு நீர் உண்டு, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், வலது முழங்காலில் வலி. மற்றபடி திடமாக இருக்கிறார். காலையில் சந்தைக்கு நடந்தே போய்வருவார்.

என் கணவர், "அம்மா களைச்சுப் போயிடுவாங்க, வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறார். பாட்டி வராவிட்டால் நாங்களும் போக மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அத்தையிடம் கேட்டால், "நான் ஒரு ஓரமா பையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன், நீங்க விளையாடுங்க" என்று முடித்துவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெரியவரை அவ்வளவு தூரம் அழைத்துப் போய்ப் பைக்குக் காவல் வைப்பதா? அவருக்கும் அது நல்ல நாளாக அமைய வேண்டும். மலை உச்சியில் இருக்கும் கெந்திங், தண்ணீர்ச் சறுக்கல் உள்ள சன்வே லகூன் இரண்டும் பேச்சில் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்களை இப்படி அழைத்துப் போனவர்கள் சொல்லுங்கள். எந்த இடம் தோது, எதில் ஏறலாம், சாப்பாடு, மாத்திரை, உடை எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

செந்தூல்_வாசி:

தங்கச்சி, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தீம் பார்க் என்றால் நடையும் வரிசையும்தான். 60 வயதுக்கு மேல் மூத்தோர் கட்டணம் என்று குறைத்தாலும் சீட்டுக்கு நல்ல காசு ஆகும். என் அப்பாவை அழைத்துப் போனோம். எதிலும் ஏறவில்லை, நிழல் தேடியே அவருக்கு நாள் போனது. திரும்பி வந்தும் கால்வலி என்று படுத்துவிட்டார். பிள்ளைகளை ஒரு நாள் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போங்கள், அத்தையை இன்னொரு நாள் கோயில் குளம் என்று கூட்டிப் போங்கள். இரண்டு பக்கமும் திருப்தி.

ஓய்வுபெற்ற_தாதி:

மருமகளே, நான் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். முதலில் உடம்பு விஷயத்தைப் பேசிவிடுவோம்.

அத்தை வழக்கமாகப் போகும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "தீம் பார்க் போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "போகலாம்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். நாள் முழுக்க நடை இருக்கும், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும், கெந்திங் என்றால் குளிர் இருக்கும் என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். இருதயக் கோளாறு, கழுத்து முதுகு வலி, எலும்பு மெலிவு, அண்மையில் செய்த கண் அறுவை ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கெந்திங் உச்சி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அந்த உயரம் சாதாரணமாக ஒன்றும் செய்யாது. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். இருதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர்கள்தான் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆபத்து எங்கே வருகிறது தெரியுமா? மாத்திரையையோ ஊசியையோ போட்டுக்கொண்டு, "இந்த ஒரு வரிசை முடியட்டும்" என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடும்போது. நடை கூடினால் சர்க்கரை அதுபாட்டுக்கு இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம், இவைதான் அறிகுறிகள். கெந்திங்கில் ஒருவர் நடுங்கினால் குளிர் என்று நினைத்துச் சால்வையைப் போர்த்திவிட்டு நாம் வேறு வேலை பார்ப்போம். கழுத்தையும் நெற்றியையும் தொட்டுப் பாருங்கள். குளிரில் வியர்த்திருந்தால் அது சர்க்கரை இறங்கியதால் இருக்கலாம். உடனே உட்கார வைத்து அரைக் குவளை இனிப்புப் பானம் கொடுங்கள், அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

அடுத்தது தண்ணீர். வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும். அதோடு, வெளியே போனால் கழிவறை தேட வேண்டுமே என்று பெரியவர்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் இதைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறார்கள். அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கழிவறை எங்கே என்று காட்டிவிடுங்கள். இடம் தெரிந்தால் தானாகவே தண்ணீர் குடிப்பார்கள். சிறுநீரைக் கூடுதலாகப் பிரிய வைக்கும் நீர் மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் அந்த நாளுக்கு அதை எப்போது எடுப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

சன்வே மாதிரி தண்ணீர் உள்ள இடமானால் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் இனிப்பு நீரில் பாதம் மரத்துப்போயிருக்கும். மத்தியான வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்தால் சுடுவதே தெரியாது, இரவில்தான் கொப்புளத்தைப் பார்ப்பீர்கள். பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு கண்டிப்பாக வேண்டும்.

சவாரி_பையன்:

ஒரு தீம் பார்க்கில் சவாரி இயக்கும் வேலை பார்த்தவன் நான். தாதி அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தையும் உயரத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். இருக்கை தாழ்வாக இருக்கும், படகு என்றால் விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைக்க வேண்டும், இறங்கும்போது முழங்கால் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால் எந்தச் சவாரியானாலும் அத்தையோடு வெளியே நின்று ஒரு சுற்று முழுதாகப் பாருங்கள். வண்டி எப்படி நிற்கிறது, மக்கள் எப்படி எழுந்து வருகிறார்கள், கடைசியில் படிக்கட்டு உண்டா என்று பாருங்கள். பார்த்த பிறகு அவரே சொல்லட்டும். முழங்கால் வலி என்று பணியாளரிடம் முன்கூட்டியே சொன்னால் நேரம் கொடுப்பார்கள், கை பிடிப்பார்கள். அதற்குத்தான் எங்களைப் பழக்குகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

சட்டென்று நிற்பது, பக்கவாட்டில் வெட்டி இழுப்பது, தலையைப் பின்னால் அடிப்பது போல் கிளம்புவது, இவை கழுத்துக்கும் முதுகுக்கும் ஆகாது. ஒரே இடத்தில் சுழலும் கோப்பைகள் சாதுவாகத் தெரியும், ஆனால் தலைசுற்றல் உள்ளவர்களை அவைதான் படுத்தும். திரைக்கு முன்னால் இருக்கை அசையும் சவாரியும் அப்படியே. வயிறு புரட்டினால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். குதிரை ராட்டினத்தில் குதிரை மேல்தான் ஏற வேண்டும் என்று இல்லை. பல ராட்டினங்களில் உட்கார்ந்து போக ஒரு பெஞ்சு இருக்கும், பேத்தியைப் பக்கத்துக் குதிரையில் ஏற்றிவிட்டு அதில் உட்காரலாம். ஒவ்வொரு சவாரி வாசலிலும் யார் ஏறக்கூடாது என்று பலகை இருக்கும். அதைப் படித்துக் காட்டுங்கள். இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை: சவாரி நடுவில் நின்றுவிட்டால் சில இடங்களில் படி இறங்கித்தான் வர வேண்டியிருக்கும். படியே இறங்க முடியாதவரை உயரமான சவாரியில் ஏற்றும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடை விஷயம். சேலை கட்டிய அம்மாக்களை நிறையப் பேரை ஏற்றியிருக்கிறேன். முந்தானையைத் தோளில் மடித்து ஊசி குத்தி, நுனியை இடுப்பில் செருகிவிட்டால் மெதுவான சவாரிக்குப் பிரச்சினை இல்லை. தொங்கும் சால்வையும் துப்பட்டாவும்தான் பயம், சக்கரத்திலோ கம்பியிலோ மாட்டும். மூக்குக் கண்ணாடி, கேட்கும் கருவி, கழற்றும் பல் செட் எல்லாம் ஏறுமுன் பாதுகாப்பாக வைக்க வேண்டும். தண்ணீர் சறுக்கலுக்கு நீச்சல் உடை கட்டாயம், சேலையோடு விடமாட்டார்கள். சன்வேக்குப் போவதானால் இதை முதலிலேயே அத்தையிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய் அவருக்குச் சங்கடம் ஆக வேண்டாம்.

என்னைக் கேட்டால் உங்கள் அத்தைக்குக் கெந்திங். வெயில் இல்லை, மேலே ஏறும் கேபிள் கார் பயணமே ஒரு சவாரிதான். 2022 பிப்ரவரியில் அங்கே திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸ் தீம் பார்க்கில் கைப்பேசிச் செயலியிலேயே வரிசை பிடிக்கும் வசதி உண்டு. பேரன் அதைப் பார்த்துக்கொண்டால் பாட்டி உட்கார்ந்த இடத்திலேயே முறை வரும்வரை காத்திருக்கலாம்.

தைப்பிங்_பாட்டி:

எனக்கு 68 வயது. கைப்பேசியில் தமிழ் தட்டப் பேத்தி சொல்லிக்கொடுத்தாள், அதனால் இங்கே எழுதுகிறேன். மகள் குடும்பத்தோடு நானும் இந்த மாதிரி இடங்களுக்குப் போய்வருகிறவள்தான். இங்கே எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

செந்தூல் தம்பி, அப்பா எதிலும் ஏறவில்லை என்கிறீர்கள். எதில் ஏற ஆசை என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? உங்களைக் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. எங்கள் வயதுக்காரர்களிடம் "ஏறுறீங்களா?" என்றால் முதல் பதில் "வேண்டாம்"தான் வரும். காசு வீணாகுமோ, நம்மால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகுமோ, பயந்து கத்திவிட்டால் நாலு பேர் பார்ப்பார்களோ, இத்தனையும் அந்த ஒரு "வேண்டாம்"முக்குள் இருக்கிறது. அதனால் சவாரி வாசலில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக இருக்கும்போது பேரப்பிள்ளைகளை விட்டுக் கைப்பேசியில் காட்டச் சொல்லுங்கள். "பாட்டி, இது மெதுவாப் போகும், இது தண்ணி தெறிக்கும், உங்களுக்கு எது பார்க்கணும்?" என்று பிள்ளை கேட்டால் வாய் தானாகத் திறக்கும். எனக்கு அப்படித்தான் திறந்தது.

மருமகளே, உங்கள் அத்தை பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னது உங்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக. கையில் ஒரு வேலை இருந்தால்தான் கூட வந்ததற்கு ஒரு நியாயம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றும். பையை லாக்கரில் வைத்துவிடுங்கள். அவர் சீட்டை அவர் கையிலேயே கொடுங்கள். ஐம்பது வெள்ளியாவது அவர் பர்ஸில் இருக்கட்டும். பேரப்பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கக்கூட மகனிடம் காசு கேட்டு நிற்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

அப்புறம், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "களைப்பா இருக்கா?" என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க நாம் நோயாளி என்கிற எண்ணம் வந்துவிடும். "எனக்குக் கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாம் அத்தை" என்று நீங்கள் உட்காருங்கள், அவரும் உட்காருவார்.

சும்மா உட்கார்ந்து ஜனங்களைப் பார்ப்பதும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கத்துவது, இளவட்டங்கள் போட்டோ எடுப்பது, பார்க்க அலுக்காது. ஆனால் எங்கே உட்காருவது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு, எத்தனை மணிக்கு வருவோம் என்றுகூடச் சொல்லாமல் போய்விடுகிறார்கள் பாருங்கள், அதுதான் மனசுக்கு ஆகாது.

செந்தூல்_வாசி:

பாட்டி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு வீட்டில் அப்பாவிடம் பேசினேன். சின்ன வயதில் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறிய கதையை ஒரு மணி நேரம் சொன்னார். இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. ஒரே சிக்கல், தூரம் நடக்க முடியாது, சக்கர நாற்காலி என்றாலே முகம் சுருங்குகிறது. என்ன செய்யலாம்?

தைப்பிங்_பாட்டி:

தம்பி, ஏமாற்றி உட்கார வைக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். வாசலிலேயே ஒன்றை வாடகைக்கு எடுத்து, தண்ணீர்ப் புட்டி, மழைச்சட்டை எல்லாவற்றையும் அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். "அப்பா, வேணுங்கிறப்போ உக்காருங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும். கால் கெஞ்சும்போது அவரே கேட்பார். முக்கியமாக, அவர் உட்கார்ந்த பிறகு அவர் தலைக்கு மேலே நீங்கள் பேசிக்கொள்ளாதீர்கள். முன்னால் வந்து குனிந்து பேசுங்கள்.

தண்ணீர்மலைக்காரன்:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். விடுமுறைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக. தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பார்க் இருக்கிறது, 1,111 மீட்டர் நீளச் சறுக்கலுக்காக 2019-ல் கின்னஸ் சாதனை வாங்கிய இடம். கயிறு ஏறுவது, மரத்துக்கு மரம் தாவுவது என்று உடம்பை அசைத்து விளையாடும் இடம் அது, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வேடிக்கைதான். பக்கத்திலேயே என்டோப்பியா, 1986 முதல் இருந்த பழைய பட்டாம்பூச்சிப் பண்ணை இப்போது அந்தப் பெயரில் நடக்கிறது. அசையாமல் நின்றால் தோளிலேயே பட்டாம்பூச்சி வந்து உட்காரும். எங்கள் வீட்டில் பெரிய பிள்ளைகளை அவர்கள் மாமாவோடு எஸ்கேப்புக்கு அனுப்பிவிட்டு அம்மாவோடு நாங்கள் என்டோப்பியா போனோம்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிரிந்து போவது சரிதான், ஆனால் நாள் முழுக்கப் பிரிந்திருக்கக் கூடாது. பிள்ளைகளோடு சேர்ந்து செய்த ஒன்றாவது பெரியவருக்கு இருக்க வேண்டும். நாங்கள் மறுநாள் எல்லாரும் சேர்ந்து கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் ஏறினோம். 1923-லிருந்து ஓடும் ரயில், இப்போதுள்ள பெட்டிகள் 2011-ல் வந்தவை. செங்குத்தாக மேலே இழுக்கும்போது அம்மாவும் என் மகனும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே முருகன் கோயிலும் இருக்கிறது. உயரம் என்றால் அத்தை எப்படி இருப்பார் என்று தெரியாதவர்கள் முதலில் இப்படிச் சின்னதாக ஒன்றில் ஏற்றிப் பார்க்கலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேருக்கு உள்ளேயே ஒரு தீம் பார்க் உண்டு, இம்பி மோனோரயில் நிலையத்தை ஒட்டி. மழை வெயில் பயம் இல்லை, பாதியில் வீட்டுக்குத் திரும்பினாலும் மனசு வலிக்காது.

பூச்சோங்_சமையல்:

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்கள் அத்தை வெள்ளிக்கிழமை சைவமா என்று பார்த்து நாளைக் குறியுங்கள். தீம் பார்க்கில் பர்கர், பொரித்த கோழிதான் எங்கும் கண்ணில் படும். விரதக்காரர்கள் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்று நாளை ஓட்டுவார்கள், இனிப்பு நீருக்கு அது நல்லதும் இல்லை. மாட்டிறைச்சி சேராதவர் என்றால் கடையில் கேட்டே வாங்குங்கள். பள்ளி விடுமுறையில் பன்னிரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் அலைமோதும். பதினொன்றரைக்கே சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அத்தைக்கு மாத்திரை நேரமும் தப்பாது, இடமும் கிடைக்கும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவது பொதுவாக இல்லை. இனிப்பு நீருக்காக வைத்திருக்கும் பிஸ்கட்டையும் பானத்தையும் வாசலில் விவரம் சொல்லி எடுத்துப் போங்கள்.

கெந்திங் என்றால் குளிர்சட்டையோடு ஒரு காலுறையும், ஒரு சின்னப் புட்டி கோடாலித் தைலமும். மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றினால் எங்கள் வீட்டில் அதைத்தான் தேடுவார்கள்.

கிள்ளான்_மருமகள்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டம் குறைவாக இருக்கட்டும் என்று ஒரு புதன்கிழமை கெந்திங் போய்வந்தோம். இதே மாதிரி திட்டம் போடுகிறவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

தைப்பிங் பாட்டி சொன்னபடி முதல் நாள் ராத்திரி மகன் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினான். அத்தை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்தக் கயித்துல போற பொட்டி இருக்கே, அதுல ஏறணும்" என்றார். கேபிள் கார்தான் அவர் முதல் விருப்பம். எங்கள் வீட்டுக்காரர் காரிலேயே உச்சிவரை போய்விடலாம் என்று இருந்தார், உடனே மாற்றிக்கொண்டோம். வீட்டிலேயே பசியாறிவிட்டு, அவானா நிலையத்தில் காரை விட்டு ஏறினோம்.

நிலையத்தில் பெட்டி முழுதாக நிற்பதில்லை, ஊர்ந்துகொண்டே இருக்கும். முழங்காலை மனதில் வைத்து முன்னாலேயே பணியாளரிடம் சொன்னோம். அவர் வந்து ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தை கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, பெட்டியோடு கூடவே இரண்டு எட்டு நடந்து, இடது காலை முதலில் வைத்து ஏறிவிட்டார். கோபுரத்தைத் தாண்டும்போது ஒரு குலுக்கல் வரும், சின்னவள் பயந்து பாட்டி மடியில் ஒட்டிக்கொண்டாள். அத்தை கீழே காட்டையே பார்த்துக்கொண்டு வந்தவர், "இவ்வளவு காடு இருக்கு, ஒரு பால்மரம்கூட இல்லையே" என்றார். இந்த உயரத்தில் ஏன் பால்மரம் வைப்பதில்லை, பால் எப்போது நன்றாக இறங்கும், மழை நாளில் ஏன் வெட்டுக்குப் போகமாட்டார்கள் என்று மேலே போகும்வரை பேரனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். 2.8 கிலோமீட்டர், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் என் மகன் கைப்பேசியைத் தொடவே இல்லை. நடுவில் சின் சுவீ கோயில் நிலையத்தில் இறங்கலாம், ஆனால் அங்கே படிகள் அதிகம் என்பதால் விட்டுவிட்டோம்.

உள்ளே போனதும் பை லாக்கருக்குப் போனது. கழிவறையைக் காட்டினோம். சீட்டும் காசும் அத்தை கையில். ஒவ்வொரு சவாரியையும் வெளியே நின்று ஒரு சுற்று பார்த்தோம். ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது என் கழுத்துக்கு ஆவாது" என்று நகர்ந்துவிட்டார். மெதுவாகப் போகும் ஒரு சவாரியைப் பார்த்ததும் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். அதைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. அது முடிந்து இறங்கியதும் சின்னவளிடம், "இன்னொரு தடவை வரியா?" என்று அவர்தான் கேட்டார்.

மகனும் அவன் அப்பாவும் பெரிய சவாரிக்குப் போனபோது அத்தை தானாக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்தார், அங்கிருந்து வண்டி வளைவது தெரியும். ஒவ்வொரு தடவை அது வரும்போதும் பேரன் எதில் இருக்கிறான் என்று தேடிக் கையாட்டினார். பதினொன்றரைக்குச் சாப்பாடு, சொன்னபடி மாத்திரை. மத்தியானம் மூடுபனி இறங்கி மழையும் தூறியது. மூன்று மணிக்குத் திரும்பிவிட்டோம். பிள்ளைகளுக்கு இன்னும் இருக்க ஆசைதான், ஆனால் மணியை முன்பே பேசி வைத்திருந்ததால் முரண்டு பிடிக்கவில்லை. மறுநாள் அத்தைக்கு முழங்கால் வலி இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஓய்வெடுத்தார். அப்படி ஒரு நாளை நாங்கள் முன்பே ஒதுக்கியிருந்தோம், நீங்களும் ஒதுக்குங்கள். அன்று மாலை அவர் சுங்கை சிப்புட்டிலிருக்கும் தன் தங்கையை அழைத்து, குளிர், பனி, வண்டி என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற_தாதி:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. முழங்காலுக்கு இன்னும் வலி இருந்தால், வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் கிளினிக் போவது நல்லது. கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் சில இரத்த அழுத்த மாத்திரையோடு சேராது, சிறுநீரகத்தையும் பாதிக்கும். கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

செந்தூல்_வாசி:

தங்கச்சி, படித்துவிட்டு அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு மலைக்குளிர் ஒத்துவராது, சன்வே பார்க்க வேண்டும் என்கிறார். அந்தக் காலத்தில் அங்கே ஈயச்சுரங்கம் இருந்தது அவருக்கு நன்றாகத் தெரியுமாம். அந்தப் பள்ளத்தில் எப்படிப் பார்க் கட்டினார்கள் என்று பார்க்க ஆசை. சவாரிப் பையன், ஊன்றுகோலோடு நடக்கிறவருக்கு அங்கே எப்படி?

சவாரி_பையன்:

அண்ணே, அப்பா சொல்வது சரிதான், பழைய சுரங்கப் பள்ளத்தில்தான் அந்தப் பார்க் இருக்கிறது. அதனால் ஏற்ற இறக்கம் உண்டு. மின்படிக்கட்டில் ஊன்றுகோல் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மின்தூக்கி எங்கே என்று வாசலிலேயே கேளுங்கள். உள்ளே 428 மீட்டர் நீளத் தொங்கு பாலம் இருக்கிறது. பள்ளத்தை முழுதாகப் பார்க்க அதுதான் இடம், ஆனால் ஆடும். ஊன்றுகோல்காரர் தொடக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். விலங்குகள் இருக்கும் பகுதி அவருக்குப் பிடிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், நம் ஊரில் இடி மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான், மின்னல் என்றால் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். கார் நிறுத்த அலைய வேண்டாம் என்றால் கேடிஎம் ரயிலில் செத்தியா ஜெயா வந்து சன்வே பிஆர்டி பஸ் ஏறலாம், சன்வே லகூன் பெயரிலேயே நிலையம் உண்டு. மைகாட் (அடையாள அட்டை) மறக்காதீர்கள், மூத்தோர் கட்டணத்துக்கு அதைக் கேட்பார்கள். சக்கர நாற்காலி எத்தனை இருக்கிறது என்று முதல் நாளே அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த நாள் போகலாம் என்று அப்பாவிடமே கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள் அண்ணே, அந்த நாளில் எந்தச் சவாரி பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.